ஷோப்பன் பிறந்த வீடு: ஷெலசோவா வோலா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பியானோ இசை கேட்பவர்களுக்குப் போலந்து இசையமைப்பாளர் ஷோப்பன் பெயர் பழக்கமாக இருக்கும். அவர் பிறந்த ஊரும் வீடும் அவ்வளவு பழக்கமில்லை. போலந்தில், வார்சாவுக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் அந்தப் பழைய பண்ணை வீடு இன்று அருங்காட்சியகம். அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் கீழே.

ஊரின் பெயரை எப்படிச் சொல்வது? அதற்கு என்ன பொருள்?

ஷெலசோவா வோலா. முதல் எழுத்து ‘ஷ’வுக்கும் ‘ஜ’வுக்கும் இடைப்பட்ட ஒலி. தமிழில் அதற்குச் சரியான எழுத்து இல்லை, எப்படி எழுதினாலும் கொஞ்சம் குறையும். ‘வோலா’ என்ற சொல்லைப் போலந்து முழுக்க ஊர்ப்பெயர்களில் பார்க்கலாம். காட்டைத் திருத்திக் குடியேறுபவர்களுக்குச் சில ஆண்டுகள் வரியும் கூலியில்லா உழைப்பும் கிடையாது என்று சலுகை கொடுத்து உருவாக்கிய ஊர்கள் இவை. அந்தச் சலுகையின் பெயரே ஊரின் பெயராக ஒட்டிக்கொண்டது. தோட்டத்தின் ஊடாக ஓடும் சிற்றாறு உத்ராத்தா. போலிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘இழப்பு’ என்று பொருள். இந்த வீட்டின் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பெயரைக் கேட்டால் யாரோ வேண்டுமென்றே வைத்தது மாதிரி இருக்கும்.

இது அரண்மனையா, பண்ணை வீடா?

அரண்மனை இல்லை. போலந்துக்காரர்கள் இந்த வகை வீட்டை ‘த்வூர்’ என்பார்கள், செல்லமாகச் சொன்னால் ‘த்வோரெக்’. கிராமத்தில் நிலமும் குடியானவர்களும் வைத்திருந்த குடிப்பெருமக்களின் வீடு. ‘ஷ்லாஹ்தா’ எனப்பட்ட அந்தப் பிரிவில் பெரும் பிரபுக்களும் உண்டு, நாலு ஏக்கரும் ஒரு பட்டமும் மட்டுமே மிஞ்சிய ஏழைகளும் உண்டு. அதனால் த்வூர் என்றால் மாளிகை என்று கற்பனை செய்யத் தேவையில்லை. பெரும்பாலும் ஒரே தளம், வெள்ளையடித்த சுவர், நடுவில் தூண் வைத்த முகப்புத் திண்ணை, மேலே உயரமான சரிவுக் கூரை. உள்ளே நுழைந்ததும் ஒரு நடைக்கூடம், அதன் இரு பக்கமும் அறைகள். பழைய வீடுகள் பல முழுக்க மரத்தாலானவை. மரத்தில் லார்ச்சுக்குத்தான் மதிப்பு, அது சீக்கிரம் உளுத்துப் போகாது.

அப்படியானால் ஷோப்பன் ஒரு பிரபு வீட்டுப் பிள்ளையா?

இல்லை. மேலும், இப்போது நாம் பார்க்கும் வீடு அந்தப் பண்ணையின் முதன்மை வீடும் இல்லை.

பண்ணை ஸ்கார்பெக் என்ற கோமகன் குடும்பத்துடையது. குடும்பத் தலைவர் காத்ஸ்பெர் ஸ்கார்பெக் கடன்காரர்களுக்குப் பயந்து நாட்டை விட்டே ஓடிவிட்டார். தொரூன் நகரத்து வங்கியாளர் ஒருவரின் மகளான அவருடைய மனைவி லுட்விகாதான் பிள்ளைகளையும் பண்ணையையும் பார்த்துக்கொண்டார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர 1802-இல் ஓர் ஆசிரியர் வந்தார். அவர் பிரான்சின் லொரேன் பகுதியில் மராங்வில் என்ற கிராமத்தில் 1771-இல் பிறந்த நிக்கோலா ஷோப்பன். பதினாறு வயதில் போலந்து வந்தவர், வார்சாவில் ஒரு புகையிலை ஆலையில் வேலை பார்த்தவர், 1794-இல் ரஷ்யாவை எதிர்த்து நடந்த கொஷ்சியூஷ்கோ எழுச்சியிலும் கலந்துகொண்டவர். பிறகு ஊருக்குத் திரும்பவே இல்லை. பெயரைக்கூட மிக்கோவாய் என்று போலிஷ் ஆக்கிக்கொண்டார்.

அதே வீட்டில் யுஸ்தினா க்ஷிஷனோவ்ஸ்கா என்ற பெண் இருந்தார். ஸ்கார்பெக்குகளுக்குத் தூரத்து உறவு. குலம் உண்டு, சொத்து இல்லை. வீட்டு நிர்வாகத்தில் உதவியாக இருந்தார். ஆசிரியரும் இவரும் 1806 ஜூன் 2 அன்று பக்கத்து ஊரான ப்ரொஹூவ் தேவாலயத்தில் மணம் செய்துகொண்டார்கள். இவர்களுக்குக் குடியிருக்கக் கொடுத்தது முதன்மை வீட்டின் பக்கத்தில் இருந்த துணைக் கட்டடம். போலிஷில் ‘ஒஃபித்ஸினா’ என்பார்கள். அதில்தான் 1810-இல் இவர்களுடைய மகன் ஃபிரிடெரிக், அதாவது நம் இசையமைப்பாளர், பிறந்தார்.

முதன்மை வீடு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தீக்கிரையாகிவிட்டது. முதலாளியின் வீடு போய், சம்பளக்காரரின் வீடு நின்றது. இன்று உலகம் முழுக்கப் பேருந்தில் வந்து பார்ப்பது இந்தச் சம்பளக்காரரின் வீட்டைத்தான்.

எந்தத் தேதியில் பிறந்தார்? ஓரிடத்தில் பிப்ரவரி 22, இன்னோரிடத்தில் மார்ச் 1 என்று போட்டிருக்கிறதே?

இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. ப்ரொஹூவ் தேவாலயப் பதிவேடு 1810 பிப்ரவரி 22 என்கிறது. பதிவு நடந்தது ஞானஸ்நானத்தின்போது, ஏப்ரல் 23 அன்று. அதாவது பிள்ளை பிறந்து இரண்டு மாதம் கழித்து. ஆனால் குடும்பம் எப்போதும் பிறந்த நாள் கொண்டாடியது மார்ச் 1-இல்தான். ஷோப்பனே 1833-இல் பாரிஸில் இருந்த போலிஷ் இலக்கியச் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில் மார்ச் 1 என்றுதான் குறிப்பிட்டார். பெற்ற தாய்க்குத் தேதி மறக்காது என்பது என் கட்சி. அப்பா இரண்டு மாதம் கழித்துச் சொல்லும்போது ஒரு வாரம் தவறியிருக்கலாம். தோட்டத்தில் உள்ள நினைவுத்தூண் பதிவேட்டின் பக்கம், அதில் பிப்ரவரி 22 என்றே பொறித்திருக்கிறார்கள்.

ஃபிரிடெரிக் என்ற பெயர் ஞானத்தந்தை ஃபிரிடெரிக் ஸ்கார்பெக்கின் பெயர். நிக்கோலாவிடம் படித்த பண்ணை வீட்டுப் பையன், அப்போதுதான் பதினெட்டு வயது நிரம்பியிருந்தது. பின்னாளில் பொருளியல் பேராசிரியராகவும் எழுத்தாளராகவும் பெயர் எடுத்தார். சடங்கன்று அவர் ஊரில் இல்லை, பதிலுக்கு வேறொருவர் நின்றார்.

இந்த வீட்டில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார்?

ஆண்டுக் கணக்கே கிடையாது. சில மாதங்கள்தான். அதே 1810 இலையுதிர் காலத்தில் அப்பாவுக்கு வார்சா உயர்நிலைப் பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியர் வேலை கிடைத்தது. குடும்பம் நகரத்துக்குப் போய்விட்டது. தவழ்வதற்கு முன்பே கிளம்பிய குழந்தைக்கு இந்த வீடு எப்படி நினைவிருக்கும் என்று கேட்டால், நியாயமான கேள்விதான்.

ஆனால் தொடர்பு அறுந்துபோகவில்லை. விடுமுறைக்கு ஸ்கார்பெக்குகளின் விருந்தினராக வந்து போனார்கள். 1825 கிறிஸ்துமஸ் சமயத்தில் பதினைந்து வயது ஷோப்பன் இங்கிருந்து யான் பியாவொப்வோத்ஸ்கி என்ற நண்பனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். எங்கிருந்து எழுதுகிறேன் தெரியுமா என்ற விளையாட்டுத் தொனியில் ஆரம்பிக்கும் கடிதம் அது. கடைசியாக வந்தது 1830 கோடையில்.

அவருடைய இசைக்கும் இந்தக் கிராமத்துக்கும் உண்மையிலேயே சம்பந்தம் உண்டா?

அவர் பிறந்த வேளையில் ஜன்னலுக்கு வெளியே கிராமத்துப் பிடில்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அழகான கதை. அழகாக இருப்பதாலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

கதையை விட்டுவிட்டு நிலப்பரப்பைப் பார்த்தால் சம்பந்தம் தெளிவாகவே தெரியும். இந்த ஊர் மசோவியா சமவெளியில் இருக்கிறது. ‘மசூர்’ ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்ததே இந்தப் பகுதிதான். ஷோப்பன் வாழ்நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருந்த வடிவம் மசூர்க்கா. ஐம்பதுக்கும் மேல் எழுதியிருக்கிறார். மசூர், குயாவியாக், ஒபெரெக் என்ற மூன்று நாட்டார் ஆட்டங்களின் தாளமும் அதில் கலந்து வரும். மூன்றடித் தாளம்தான், ஆனால் அழுத்தம் வழக்கமாக விழும் முதல் அடியில் விழாமல் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ வந்து விழும். கேட்பவர் கால் தடுமாறும், ஆடுபவர் கால் தடுமாறாது.

அந்த ஆட்டங்களை அவர் நேரில் கூர்ந்து கேட்டது இங்கே மட்டும் அல்ல. 1824, 1825 கோடை விடுமுறைகளை வடக்கே ஷாஃபார்னியா என்ற ஊரில், பள்ளித் தோழன் ஒருவனின் குடும்பப் பண்ணையில் கழித்தார். அங்கே கிராமத்துப் பாட்டுகளைக் கேட்டதை, செய்தித்தாள் மாதிரியே வேடிக்கையாக எழுதி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். ஆகவே அவர் இசையை வளர்த்தது ஒரு வீடு அல்ல, இந்த மாதிரிப் பண்ணை வீடுகளும் அவற்றைச் சுற்றியிருந்த கிராமங்களும்.

உள்ளே இருக்கும் பொருள்கள் ஷோப்பன் குடும்பத்தினுடையவைதானா? கட்டடமாவது அசல்தானா?

பலரும் வந்த பிறகு கேட்டு ஏமாறும் கேள்வி இது. வருவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. நிக்கோலாவும் யுஸ்தினாவும் புழங்கிய மேசை நாற்காலிகள் இங்கே நிற்கவில்லை. அறைகளில் அந்தக் காலத்தைக் காட்டும் பொருள்கள் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கட்டடமும் அப்படியே 1810-இல் இருந்து வந்தது அல்ல.

நடந்தது இது. 1830களில் பண்ணை ஸ்கார்பெக்குகளின் கையை விட்டுப் போனது. அப்புறம் கை மாறிக்கொண்டே இருந்தது. ஒஃபித்ஸினாவில் யார் பிறந்தார்கள் என்பது வாங்கியவர்கள் எல்லோருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை. 1891-இல் பார்க்க வந்த ஒருவர் வீடு இருந்த கோலத்தைக் கண்டு மனம் கொதித்தார். அவர் போலந்துக்காரர் இல்லை. ரஷ்ய இசையமைப்பாளர் மீலி பலாகிரெவ். அந்தக் காலத்தில் வார்சாவும் இந்த ஊரும் ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தன, போலந்து என்ற நாடு வரைபடத்திலேயே இல்லை. ஆளும் நாட்டின் இசையமைப்பாளர் ஒருவர் முன்னின்று தூண்டியதால்தான் 1894 அக்டோபர் 14 அன்று தோட்டத்தில் நினைவுத்தூண் திறக்கப்பட்டது. போலந்து மண்ணில் ஷோப்பனுக்கு எழுப்பிய முதல் நினைவுச்சின்னம் அதுதான்.

நாடு 1918-இல் விடுதலை பெற்ற பிறகு, 1928-இல் ஷோப்பன் ஆர்வலர்கள் சேர்ந்து வீட்டையும் தோட்டத்தையும் வாங்கினார்கள். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருத்தி எடுத்தார்கள். அந்த வேலை பழையதை அப்படியே மீட்கும் வேலையாக இருக்கவில்லை. சிதைந்து கிடந்த துணைக் கட்டடம், தூண் வைத்த திண்ணையோடு, ஒரு நேர்த்தியான பண்ணை வீடாக வெளியே வந்தது. ஆசிரியரின் வீட்டுக்கு முதலாளி வீட்டின் முகம் கிடைத்தது என்று சொல்லலாம்.

அப்படியானால் இது ஒரு வகையில் ஏமாற்று வேலை இல்லையா?

நான் அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று சொல்ல, 1920களின் போலந்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1795-இல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தைப் பங்கு போட்டு முடித்தன. அதன்பின் 123 ஆண்டுகள் தனி நாடு கிடையாது. நாடாளுமன்றம் போனது, படை போனது, பல இடங்களில் பள்ளியில் மொழியும் போனது. மொழி, பழைய கதை, பாட்டு, பண்டிகை எல்லாம் ஒதுங்கிய இடங்களில் ஒன்று கிராமத்துப் பண்ணை வீடு. நாடு கடந்து பாரிஸில் வாழ்ந்த கவிஞர்கள் மரங்களுக்கு நடுவே தெரியும் அந்த வெள்ளைச் சுவரைத்தான் தாய்நாடாக எழுதினார்கள். ஆகவே விடுதலை வந்ததும், புதிதாகக் கட்டிய வீடுகள், ஏன், சில ரயில் நிலையங்கள்கூடப் பண்ணை வீட்டு முகத்தோடு எழுந்தன. 1923-இல் படைவீரர்கள் பணம் போட்டு, விடுதலை பெற்ற நாட்டின் முதல் தலைவராக இருந்த மார்ஷல் பிவ்சூத்ஸ்கிக்கு சுலெயூவெக்கில் கட்டிக்கொடுத்த வீடும் இதே பாணிதான்.

அந்தக் காலத்து மக்கள் ஷோப்பனின் வீட்டைச் சீர்செய்தபோது, அவர் பிறந்த வீடு எப்படி இருந்தது என்று மட்டும் யோசிக்கவில்லை, எப்படி இருந்திருக்க வேண்டும் என்றும் யோசித்தார்கள். விளைவு 1810-இன் சான்று இல்லை, 1930-இன் சான்று. இரண்டாவதும் இப்போது நூறு ஆண்டை நெருங்குகிறது. அதைப் பிய்த்தெறிந்துவிட்டு ‘அசலை’த் தேடினால் கையில் மிஞ்சுவது நாலு சுவராகத்தான் இருக்கும்.

அந்தப் பண்ணையில் உழைத்த குடியானவர்கள் எங்கே போனார்கள்? அருங்காட்சியகங்களில் அவர்களைக் காணோமே?

இது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இல்லை, கேட்கப்பட வேண்டியது. ஷோப்பன் பிறந்தபோது இப்பகுதி நெப்போலியன் உருவாக்கிய வார்சா குறுநாட்டில் இருந்தது. அதன் 1807 அரசியல் சட்டம் பண்ணையடிமை முறையை ஒழித்தது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஆணை, நிலமும் வீடும் கால்நடையும் ஆண்டைக்கே சொந்தம் என்றது. விலங்கைக் கழற்றும்போது காலணியையும் சேர்த்துக் கழற்றிவிட்டார்கள் என்று போலந்தில் இதைக் கசப்பாகச் சொல்வார்கள். குடியானவர் எங்கு வேண்டுமானாலும் போகலாம், ஆனால் வெறுங்கையோடு போக வேண்டும். போகாமல் இருந்தால் ஆண்டையின் வயலில் வாரத்தில் இத்தனை நாள் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். இந்தப் பகுதியில் அவர்களுக்கு நிலம் சொந்தமானது 1864-இல் ஜார் போட்ட ஆணையால். ஷோப்பன் இறந்து பதினைந்து ஆண்டுக்குப் பிறகு.

மசூர்க்கா அந்தக் கால்களில் இருந்து வந்தது. வெள்ளைச் சுவரைப் பார்த்து மயங்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம்.

போர்க்காலத்தில் வீடு தப்பியது எப்படி?

சிரமப்பட்டுத் தப்பியது. 1939 செப்டம்பரில் பக்கத்திலேயே ப்சூரா ஆற்றங்கரையில் பெரும் போர் நடந்தது. ஷோப்பன் ஞானஸ்நானம் பெற்ற ப்ரொஹூவ் தேவாலயமும் அதில் சேதமடைந்தது. ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் வீட்டில் சேர்த்து வைத்திருந்த பொருள்கள் சூறை போயின. அந்த ஆண்டுகளில் ஷோப்பனின் இசையையே பொது இடத்தில் வாசிக்கத் தடை இருந்தது. வார்சா வாஜென்கி பூங்காவில் இருந்த அவருடைய சிலையை 1940 மே மாதம் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

போருக்குப் பின் வந்த ஆபத்து வேறு மாதிரி. 1944 செப்டம்பர் 6-இல் வந்த நிலச்சீர்திருத்த ஆணை பெரும் பண்ணைகளைப் பறிமுதல் செய்தது. அவற்றோடு வீடுகளும் போயின. சில பள்ளிக்கூடமாயின, சில அரசுப் பண்ணை அலுவலகமாயின, மிகப் பல கூரை விழுந்து மண்ணோடு மண்ணாயின. ஷெலசோவா வோலாவுக்கு இந்தக் கதி வரவில்லை, ஏனென்றால் அது அதற்கு முன்பே பொதுச் சொத்து. ஷோப்பன் மறைந்து நூறு ஆண்டு நிறைந்த 1949-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். இப்போது தேசிய ஷோப்பன் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது.

வீட்டைவிடத் தோட்டம்தான் அழகு என்கிறார்களே?

உண்மை. வீட்டைச் சுற்றி ஏறக்குறைய 7 ஹெக்டேர். 1930களில் க்ஷிவ்தா-பொல்கோவ்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். நாட்டின் பல பகுதிகளில் இருந்தும் வெளிநாடுகளில் இருந்தும் செடிகளும் மரக்கன்றுகளும் அன்பளிப்பாக வந்தன. ஷோப்பன் பார்த்த தோட்டம் இது இல்லை, வீட்டைப் போலவே இதுவும் அவருக்காகப் பிறகு உண்டாக்கியது. இருநூறாம் பிறந்த ஆண்டான 2010-இல், வாசலருகே மரமும் கண்ணாடியுமாக இரண்டு புதிய கட்டடங்கள் சேர்ந்தன. வடிவமைத்தவர் போலெஸ்வாவ் ஸ்தெல்மாஹ். பெயர்கள் பிரெலூதியம், எத்யூதா. இரண்டும் ஷோப்பன் எழுதிய இசை வடிவங்களின் பெயர்கள். நவீனக் கட்டடம் என்று எதிர்த்தவர்களும் உண்டு. நல்லவேளை, அவை தாழ்வாக ஒதுங்கி நிற்கின்றன, பழைய வீட்டோடு போட்டி போடவில்லை.

கச்சேரி எப்போது? எங்கே உட்கார வேண்டும்?

மே முதல் செப்டம்பர் வரை வார இறுதிகளில் பியானோ கச்சேரி உண்டு. பியானோ கலைஞர் வீட்டுக்குள் வாசிப்பார், கேட்பவர்கள் வெளியே தோட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். திறந்த ஜன்னலும் ஒலிபெருக்கியும் வழியாக இசை வரும், நடுநடுவே பறவைகளும் சேர்ந்துகொள்ளும். கலைஞரின் விரலைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். கேட்டால் போதும் என்பவர்கள் கண்ணை மூடிக்கொள்ளலாம்.

எப்படிப் போவது?

வார்சாவில் இருந்து சொஹாச்செவ் வரை ரயில். அங்கிருந்து சில கிலோமீட்டர்தான், உள்ளூர்ப் பேருந்தோ டாக்சியோ பிடிக்கலாம். கட்டணமும் விடுமுறை நாளும் மாறும், கிளம்புவதற்கு முன் தேசிய ஷோப்பன் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி இருந்தால் ப்ரொஹூவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செங்கல் கோட்டை மாதிரி வட்டக் கோபுரங்களோடு நிற்கும் 16-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் அது.

இதே போல வேறு பண்ணை வீடுகள் உண்டா?

நிறைய. உள்ளே அசல் பண்ணை வீட்டு வாழ்க்கையைப் பார்க்க வேண்டுமானால் ஷெலசோவா வோலா சரியான இடமே அல்ல. வியெலுன் அருகே ஒஷாரூவில் 1757-இல் கட்டிய லார்ச் மர வீடு இருக்கிறது, பண்ணை வீட்டு அறைகளின் அருங்காட்சியகமே அதுதான். ஓவியர் யான் மாத்தெய்கோ வாங்கிய வீடு க்ராக்கோவ் பக்கம் க்ஷெஸ்வாவித்ஸேயில். பியானோ கலைஞரும் பின்னாள் பிரதமருமான பதெரெவ்ஸ்கியின் வீடு கோஷ்னா தோல்னாவில்.

ஷோப்பன் பிறகு இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாரா?

உயிரோடு வரவில்லை. 1830 நவம்பர் 2 அன்று வார்சாவை விட்டுக் கிளம்பினார். அந்த மாத இறுதியிலேயே வார்சாவில் ரஷ்யாவை எதிர்த்து எழுச்சி வெடித்தது, அது நசுக்கப்பட்டது, அவர் பாரிஸ் போய் அங்கேயே தங்கிவிட்டார். 1849 அக்டோபர் 17 அன்று அங்கேயே இறந்தார். உடலை பாரிஸில் அடக்கம் செய்தார்கள். இதயத்தை மட்டும் அக்கா லுட்விகா வார்சாவுக்கு எடுத்து வந்தார். பிறகு அதைத் திருச்சிலுவைத் தேவாலயத்தின் தூண் ஒன்றில் வைத்தார்கள்.

ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்து நடந்த 1944 வார்சா எழுச்சியின்போது அந்த இதயம் ஜெர்மானியர் கைக்குப் போய், பின் வார்சாவுக்கு வெளியே மிலனூவெக் என்ற ஊரில் திருச்சபையின் பாதுகாப்பில் இருந்தது. போர் முடிந்து, 1945-இல் அவர் மறைந்த அதே அக்டோபர் 17 அன்று அதைத் திரும்பக் கொண்டுபோனார்கள். மிலனூவெக்கில் இருந்து வார்சா பக்கம்தான், நேராகப் போயிருக்கலாம். வண்டியை எதிர்த்திசையில் மேற்கே திருப்பி, முதலில் ஷெலசோவா வோலாவுக்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம்தான் வார்சா.